எரிமலைச் சரிவின் தொங்கும் எக்காளப் பூ: புருக்மான்சியா வல்கானிகோலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டிஸ் மலைத்தொடரின் அரிய செடிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த ஒரு செடியைக் குறித்து ஒரே மாதிரியான ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சில ஐயங்கள் பெயர்க் குழப்பத்தால் வருபவை. சில அச்சத்தால் வருபவை. சில மட்டும் இச்செடியின் நிலை உண்மையிலேயே சிக்கலானது என்பதால் வருபவை. கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் கேள்விகளைத் தந்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன.

இது என்ன செடி? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகியவை அடங்கிய சொலனேசியே குடும்பத்தில் புருக்மான்சியா என்றொரு பேரினம் உண்டு. அதில் ஏழு இனங்கள் ஏற்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிக அரிதானது புருக்மான்சியா வல்கானிகோலா. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் குறுமரம் அல்லது பெரும்புதர். ஏறத்தாழ நான்கு மீட்டர் வரை செல்லும். நீண்ட குழல் போன்ற பூக்கள் கிளைகளிலிருந்து தலைகீழாகத் தொங்கும். நிறம் மஞ்சளிலிருந்து சிவப்பு வரை செடிக்குச் செடி வேறுபடும். செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு.

பூ கீழ்நோக்கித் தொங்கும் ஊமத்தைதானே இது? எதற்குத் தனிப் பெயர்?

நெருங்கிய உறவு, ஆனால் ஊமத்தை அன்று. லின்னேயஸ் 1753இல் மர வடிவிலான செடியையும் ஊமத்தையின் பேரினமான தத்தூராவிலேயே சேர்த்திருந்தார். 1805இல் பெர்சூன் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் செபால்ட் யுஸ்டினுஸ் புருக்மான்ஸின் பெயரை இட்டார். பின்னாளில் பலர் மீண்டும் தத்தூராவுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தனர். இந்த இழுபறிக்கு முடிவு கட்டியது 1973இல் டாமி லாக்வுட் முன்வைத்த ஆய்வு. இன்று தாவரவியலாளர்கள் பின்பற்றுவது அதையே.

செடியை நேரில் பார்ப்பவருக்கு வேறுபாடு எளிதில் விளங்கும். ஊமத்தை குறுகிய காலம் வாழும் பூண்டு. இது பல்லாண்டு வாழும் கட்டைத் தண்டுச் செடி. ஊமத்தைப் பூ நிமிர்ந்தோ சாய்ந்தோ நிற்கும். இதன் பூ தொங்கும். ஊமத்தைக் காய் முள்ளோ முடிச்சோ கொண்டு, முதிர்ந்ததும் வெடித்தோ உடைந்தோ விதையைக் கொட்டும். இதன் காய்க்கு முள் கிடையாது, முதிர்ந்தாலும் தானாகத் திறக்காது. இந்தக் கடைசிப் பண்பை நினைவில் வையுங்கள். இச்செடியின் அவலநிலை பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கே வளர்கிறது? எவ்வளவு உயரத்தில்?

தென்கொலம்பியாவிலிருந்து எக்வடார் வரையிலான ஆண்டிஸ் பகுதி இதன் தாயகம். உயரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2800 முதல் 3200 மீட்டர். இனத்துக்குப் பெயர் தந்த இடம், கொலம்பியாவின் கௌகா மாநிலத்தில் போபயான் நகருக்குக் கிழக்கே உள்ள புராசே எரிமலை. 4600 மீட்டருக்கு மேல் உயர்ந்த, இன்றும் உயிர்ப்போடு இருக்கும் எரிமலை அது. அதைச் சூழ்ந்துள்ள தேசியப் பூங்காவின் மலைகளிலிருந்துதான் மக்தலேனா, கௌகா, ககேட்டா ஆகிய பேராறுகள் புறப்படுகின்றன. கோகோனுகோ மக்களின் ஊர்களும் அச்சரிவுகளில் உள்ளன.

செடி வளர்வது எரிமலையின் வாயருகில் அன்று; மேகக்காடு முடிந்து பாராமோ எனப்படும் உயர்மலைப் புல்வெளி தொடங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே. அங்கே வெயில் கடுமையாக அடித்தாலும் காற்று குளிர்ந்தே இருக்கும். மூடுபனி அடிக்கடி இறங்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் கோடை, குளிர்காலம் என்ற பிரிவு கிடையாது. ஆண்டு முழுவதும் பகல் மிதமாகவும் இரவு குளிராகவும் இருக்கும். வளர்ப்பு பற்றிய பல கேள்விகளுக்கு இந்த ஒரு செய்தியே விடை.

சாங்குவினியாவும் இதுவும் படத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

இந்தக் குழப்பம் இயல்பானதே. புருக்மான்சியா சாங்குவினியாவும் ஆண்டிஸின் குளிர்ந்த உயரங்களைச் சேர்ந்தது, மணமற்றது, சிவந்த குழல் பூவைக் கொண்டது. அதன் நன்கறியப்பட்ட வடிவத்தில் பூக்குழலின் அடி பசுமையாகவும் நடு மஞ்சளாகவும் வாய் விளிம்பு சிவப்பாகவும் இருக்கும். நரம்புகள் தடித்துத் தெரியும். வல்கானிகோலாவின் பூ அதைவிடச் சிறியது, பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்குவது.

நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். இரண்டிலும் நிறம் மாறும். காய் இருந்தால் அதைப் பாருங்கள். வல்கானிகோலாவின் காய் கடினமான தோலும் கரடுமுரடான மேற்பரப்பும் கொண்டது. பூவின் படத்தை மட்டும் அனுப்பி இனத்தைக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது காயின் படத்தைத்தான்.

இதைக் கண்டறிந்தவர் யார்? பெயருக்குப் பின்னால் இரண்டு பேரின் பெயர்கள் ஏன் வருகின்றன?

அறிவியல் நூலில் முதன்முதலாக விவரித்தவர் ஆர்தர் பார்க்ளே. ஆண்டு 1959. அப்போது இப்பேரினம் தத்தூராவுக்குள் இருந்ததால் அவர் வைத்த பெயர் தத்தூரா வல்கானிகோலா. லாக்வுட்டின் ஆய்வுக்குப் பின், 1977இல், ஹார்வர்டின் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்ட்ஸ் அதைப் புருக்மான்சியாவுக்கு மாற்றினார். முதலில் விவரித்தவரை அடைப்புக்குறிக்குள்ளும் மாற்றியவரை வெளியிலும் எழுதுவது தாவரவியல் மரபு. அம்மலைச் சரிவில் வாழும் மக்கள் இதை அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பூவுக்கு மணமே இல்லையாமே? இரவில் மணக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மாலையிலிருந்து மணம் வீசுவது இப்பேரினத்தின் வெள்ளை, இளமஞ்சள் பூக்கள் கொண்ட இனங்கள். அவை அந்துப்பூச்சிகளை அழைப்பவை. வல்கானிகோலாவும் சாங்குவினியாவும் பறவைகளை எதிர்பார்ப்பவை. பறவைக்கு மணம் தேவையில்லை, நிறமும் தேனும் போதும்.

சாங்குவினியாவில் இந்த உறவு நன்கு கவனிக்கப்பட்டிருக்கிறது. அதன் பூவுக்கு வருவது வாள் அலகு ஓசனிச்சிட்டு, அதாவது ஹம்மிங் பறவைகளில் ஒன்று. வாலை நீக்கிப் பார்த்தால் உடலைவிட நீளமான அலகு கொண்ட ஒரே பறவை அதுதான். அலகு ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் இருக்கும். தொங்கும் பூவின் கீழே வந்து காற்றில் நின்றபடி அலகைச் செங்குத்தாக மேல்நோக்கிச் செலுத்தி, குழலின் உச்சியில் ஊறும் தேனை எடுக்கும். அந்நேரத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். கிளையில் அமரும்போதும் அந்த அலகின் கனத்தைச் சமாளிக்க அது தலையை நிமிர்த்தியே வைத்திருக்கும். அலகால் தன் இறகைக் கோத முடியாது, காலால்தான் சொறிந்துகொள்ளும்.

தேனைத் திருடுபவையும் உண்டு. கொக்கி போன்ற அலகுள்ள சிறு பறவைகள் பூக்குழலின் அடியில் வெளியிலிருந்தே துளையிட்டுத் தேனைக் குடித்துவிடும். பின்னர் குட்டை அலகுள்ள ஓசனிச்சிட்டுகளும் அதே துளையைப் பயன்படுத்தும். உயர்மலைச் சாங்குவினியாப் பூக்களில் அடிப்பகுதியில் சிறு ஓட்டையும் அதைச் சுற்றிப் பழுப்பேறிய வளையமும் தெரிந்தால் அது நோயன்று, இந்தத் திருட்டின் தடமாக இருக்கலாம்.

செம்பட்டியலில் “இயற்கையில் அற்றுப்போனது” என்று போட்டிருக்கிறது. ஆனால் புராசேயில் எடுத்த படங்களைப் பார்த்தேனே. எது பொய்?

இரண்டும் உண்மை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 2014ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி புருக்மான்சியாவின் ஏழு இனங்களுமே அந்த வகையில் உள்ளன. “முற்றிலும் அழிந்தது” என்பது வேறு வகை. அதில் உயிருள்ள செடி எங்குமே இருக்காது. “இயற்கையில் அற்றுப்போனது” என்றால் செடிகள் உயிரோடு இருக்கின்றன, ஆனால் மனிதர் கைபடாமல் தானாகப் பூத்து, காய்த்து, விதைத்து, அடுத்த தலைமுறையை உருவாக்கிக்கொள்ளும் காட்டுக்கூட்டம் இல்லை என்று பொருள்.

நீங்கள் படத்தில் பார்த்த செடியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். வேலி, வீட்டுப் பக்கம், பாதையோரம், மேய்ச்சல் நிலத்தின் விளிம்பு ஆகியவையே இச்செடிகள் நிற்கும் வழக்கமான இடங்கள். யாரோ, எப்போதோ, ஒரு கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றியிருப்பார்கள்; அது வேர்விட்டுச் செடியாகும். வீடு இடிந்து ஆட்கள் போன பின்னும் செடி பல்லாண்டு நிற்கும். அதைப் பார்ப்பவருக்குக் காட்டுச் செடியாகவே தோன்றும். அச்செடியின் அடியில் இளங்கன்றுகள் தென்படுகின்றனவா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. வளர்ந்த செடி ஒன்று நிற்பதை மட்டும் கொண்டு ஓர் இனம் காட்டில் வாழ்கிறது என்று சொல்லிவிட முடியாது.

காய் காய்க்கிறது, விதை இருக்கிறது. பிறகு ஏன் பரவவில்லை?

காய் தானாகத் திறப்பதில்லை என்று ஊமத்தை பற்றிய விடையில் குறிப்பிட்டேன். அது கிளையிலேயே கிடந்து காயும், அல்லது தாய்ச்செடியின் அடியிலேயே விழுந்து மட்கும். யாராவது அதைத் தின்று, தூக்கிச் சென்று, வேறிடத்தில் விதையைச் சேர்க்க வேண்டும். இன்று ஆண்டிஸில் அப்படிச் செய்யும் விலங்கு எதுவும் அறியப்படவில்லை.

இதிலிருந்து ஒரு கருதுகோள் பிறந்தது. தென்னமெரிக்காவில் ஒருகாலத்தில் யானையின் உறவுகளான பெருவிலங்குகளும் நிலத்தில் வாழ்ந்த பேருருவ அசமந்திகளும் (ஸ்லாத் எனப்படும் விலங்குகள்) இருந்தன. பனியுகத்தின் இறுதியில் அவை அழிந்தன. இச்செடியின் விதையைச் சுமந்தது அவற்றுள் ஒன்றாக இருந்திருக்கலாம். சுமப்பவர் போன பின்பு செடி எஞ்சியிருப்பதற்குக் காரணம், மனிதர்கள் அதை விரும்பி ஊன்றிவந்ததே. நிரூபிக்கப்பட்ட முடிவாக இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் திறக்காத காய், கன்றில்லாத நிலம், மனிதக் குடியிருப்பை ஒட்டிய இருப்பு ஆகிய மூன்றையும் ஒருசேர விளக்கும் கருத்து என்பதால் எனக்கு இது வலுவானதாகவே தோன்றுகிறது.

போத்து நட்டால் வேர்விடும் என்கிறீர்கள். ஆயிரம் போத்து நட்டுவிட்டால் இனம் தப்பித்துவிடுமே?

செடிகளின் எண்ணிக்கை கூடும், இனம் தப்பித்ததாகாது. ஒரே தாய்ச்செடியின் ஆயிரம் போத்துகளும் மரபளவில் ஒரே செடிதான். ஒரு நோய் அதைத் தாக்கினால் ஆயிரத்தையும் தாக்கும். வைரஸ் நோய்கள் போத்தின் வழியாகவே ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குச் செல்லும். விதைவழித் தலைமுறையில் கிடைக்கக்கூடிய புதுத் தொடக்கம் போத்தில் கிடைப்பதில்லை.

இப்பேரினத்தின் பல இனங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை என்பது மற்றொரு சிக்கல். ஓர் ஊர் முழுவதும் ஒரே செடியின் போத்துகளே நின்றால் பூக்கள் குலுங்கினாலும் காய் பிடிக்காது. எனவே தேவை, வெவ்வேறு மரபுவழிகளைச் சேர்ந்த செடிகள். ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற பதிவோடு.

எவ்வளவு நஞ்சு? தொட்டாலே ஆபத்தா?

தொடுவதால் மட்டும் பெரும் கேடு வருவதில்லை. உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இலை, பூ, விதை, வேர் எல்லாவற்றிலும் ஸ்கோபோலமைன், ஹயோசயமைன், அட்ரோபின் போன்ற டிரோபேன் வகை ஆல்கலாய்டுகள் உள்ளன. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் வேலை செய்யவிடாமல் இவை தடுக்கின்றன. வாய் வறண்டுபோகும், கண்மணி விரியும், பார்வை மங்கும், இதயத் துடிப்பு விரையும், சிறுநீர் அடைபடும், வியர்க்காமல் உடல் கொதிக்கும். பின்னர் பிதற்றலும் இல்லாததை இருப்பதாகக் காணும் மனக்கலக்கமும் வரும். ஒரே செடியிலும் பகுதிக்குப் பகுதி, பருவத்துக்குப் பருவம் நஞ்சின் அளவு மாறுவதால் “இவ்வளவு வரை பாதுகாப்பு” என்று எந்த அளவும் கிடையாது.

கிளை வெட்டுபவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்மணி மட்டும் விரிந்துவிடும். ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பதைக் கண்டு மூளையில் ஏதோ கோளாறு என்று அஞ்சி மருத்துவமனைக்கு ஓடியவர்கள் உண்டு. கையுறை அணியுங்கள், வேலை முடிந்ததும் கையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். யாராவது உட்கொண்டுவிட்டால் கைவைத்தியம் எதுவும் பார்க்காமல், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், செடியின் ஒரு கிளையோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மருந்து எடுப்பது இந்தச் செடியிலிருந்துதானா?

இல்லை. பயணக் குமட்டலுக்குக் காதின் பின்னால் ஒட்டும் பட்டையில் இருப்பது ஸ்கோபோலமைன்தான். ஆனால் அதன் முதன்மையான வணிக மூலம், ஆஸ்திரேலியாவில் பயிரிடப்படும் டுபோய்சியா என்ற மற்றொரு கத்தரிக் குடும்பச் செடி. எக்வடாரில் சாங்குவினியாவும் இதற்காகத் தோட்டப் பயிராக வளர்க்கப்பட்டதுண்டு. வல்கானிகோலா அந்த அளவுக்கு எங்கும் இருந்ததில்லை.

அங்குள்ள பழங்குடி மக்கள் பயன்படுத்தினார்கள் என்றால், கொஞ்சமாக எடுத்துப் பார்ப்பதில் என்ன தவறு?

செய்யாதீர்கள். கொலம்பியாவின் சிபுந்தோய் பள்ளத்தாக்கில் காம்சா, இங்கா மக்களின் வைத்தியர்கள் புருக்மான்சியாவின் பல வடிவங்களைத் தனித்தனியே பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாகப் போத்து நட்டுக் காத்து வருகிறார்கள். எந்த வடிவம் எதற்கு, எந்த அளவில், மேல்பூச்சாகவா உள்மருந்தாகவா என்பது நீண்ட பயிற்சியால் வரும் அறிவு. அவர்களே இதை அச்சத்தோடுதான் அணுகுகிறார்கள். அந்தப் பயிற்சி இல்லாதவர் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பதற்கும் அம்மரபுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அப்பள்ளத்தாக்கின் வடிவங்களில் ஒன்று அறிவியலாளர்களையே தடுமாற வைத்தது. இலைகள் நாடா போல் ஒடுங்கி, பூவும் பிளவுபட்டிருந்த அச்செடியை ஷுல்ட்ஸ் 1955இல் ஒரு புதிய பேரினமாகவே அறிவித்தார். பின்னாளில் அது புருக்மான்சியா ஆரியாவின் மாறுபட்ட வடிவம் என்று ஏற்கப்பட்டது. மனிதக் கை இவ்வளவு காலம் தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு பேரினத்தில் எது இயற்கை, எது வளர்ப்பு என்று கோடு போடுவது எளிதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த நஞ்சின் தூளை முகத்தில் ஊதினால் சொன்னதையெல்லாம் செய்வார்களாமே?

ஸ்கோபோலமைனை உணவிலோ பானத்திலோ கலந்து கொடுத்துக் கொள்ளையடிப்பது கொலம்பியாவில் நடக்கும் உண்மையான குற்றம். அந்நஞ்சு மனத்தைக் குழப்பும், நடந்ததை நினைவில் பதியவிடாது. அதனால் பாதிக்கப்பட்டவரை ஏமாற்றுவது எளிதாகிறது. ஆனால் அது ஒருவரைச் சொன்னபடி ஆடும் பொம்மையாக்கும் மந்திரப்பொடி அன்று. அளவு சற்று மிகுந்தால் பிதற்றலும் மயக்கமும் சாவும்தான். இந்தக் கதைகளால் ஓர் அரிய செடியைக் கண்ட இடத்தில் வெட்டிச் சாய்க்கும் மனநிலை வளர்வது எனக்கு வருத்தம் தருகிறது.

குளிர்ப் பகுதிச் செடி என்றால் உறைபனியைத் தாங்கும்தானே?

தாங்காது. தாயகம் பற்றிய விடையைப் பாருங்கள்: அதற்குப் பழக்கமானது குளிர்ந்த இரவு, உறைபனிக்காலமன்று. உறைபனி தண்டைக் கருக்கிவிடும். மறுபுறம், வெப்பமான இரவுகளிலும் இச்செடி துவண்டுபோகும். மொட்டு வைக்காது, வைத்தாலும் உதிர்த்துவிடும். சமவெளியில் இதை வளர்க்க முயல்வது செடியை வீணாக்குவதே. ஆண்டு முழுவதும் குளிர்ச்சியும் ஈரக்காற்றும் நீர் தேங்காத மண்ணும் உள்ள இடத்தில் மட்டுமே இது நிலைக்கும்.

என் போத்து நன்றாக வளர்கிறது, ஆனால் பூக்கவே இல்லை. ஏன்?

வெப்பம் காரணமில்லை என்றால், போத்து செடியின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று பாருங்கள். புருக்மான்சியாக்கள் முதலில் ஒற்றைத் தண்டாக மேலே செல்லும். பிறகு தண்டு இரண்டாகக் கவைத்துப் பிரியும். பூப்பது அந்தக் கவைக்கு மேலேதான். கவைக்குக் கீழே எடுத்த போத்து மீண்டும் முதலிலிருந்து வளர்ந்து கவைக்க வேண்டும்; மேலே எடுத்தது விரைவில் பூக்கும்.

இலையைப் பார்த்தே இதை அறியலாம். கீழ்ப்பகுதி இலையில் காம்பு சேரும் இடத்தில் இருபுறமும் சமமாக இருக்கும். பூக்கும் பகுதியின் இலையில் ஒரு பக்கம் சற்று மேலேயும் மறுபக்கம் சற்றுக் கீழேயும் காம்பில் இறங்கும். கையில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கோணல் தெளிவாகவே தெரியும்.

‘வல்கானிகோலா’ என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் அதுதானா?

பெரும் ஐயத்தோடு அணுகவேண்டிய இடம் இது. புருக்மான்சியாவின் ஏழு இனங்களும் மரபளவில் இரண்டு கூட்டங்களாகப் பிரிகின்றன. அர்போரியா, சாங்குவினியா, வல்கானிகோலா ஆகிய மூன்றும் ஒரு கூட்டம். ஆரியா உள்ளிட்ட மற்ற நான்கும் இன்னொன்று. ஒரே கூட்டத்துக்குள் கலப்பு எளிதில் நிகழும். அர்போரியாவும் சாங்குவினியாவும் கலந்து பிறந்த ஃபிளாவா என்ற கலப்பினம் நன்கறியப்பட்டது. வல்கானிகோலாவையும் சாங்குவினியாவோடு கலந்திருக்கிறார்கள். அழகான பூக்களைத் தரும் அந்தக் கலப்புகள் பல நேரங்களில் ஒற்றைப் பெயரோடு கைமாறுகின்றன.

கலப்பினத்தை வளர்ப்பதில் குற்றமில்லை. அதற்குத் தூய இனத்தின் பெயரைச் சூட்டுவதுதான் கேடு. பெயர் தவறிய செடியிலிருந்து போத்து எடுத்து, அதிலிருந்து இன்னொருவர் எடுத்து, சில ஆண்டுகளில் உண்மையான மரபுவழி எது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். செடி வாங்குபவர் மூலச்செடி எந்த மலையிலிருந்து, எப்போது சேகரிக்கப்பட்டது என்று கேளுங்கள். விடை இல்லை என்றால் ‘வல்கானிகோலா எனப்படுவது’ என்று மட்டும் அட்டையில் எழுதுங்கள்.

சிலர் இதைச் சாங்குவினியாவின் துணையினம் என்கிறார்களே? அப்படியானால் தனியாகக் காக்க வேண்டுமா?

துணையினமாக வகைப்படுத்திய தாவரவியலாளர்களும் இருக்கிறார்கள். தனி இனமாக ஏற்போரும் இருக்கிறார்கள். நான் தனி இனமாகவே எழுதியிருக்கிறேன். செம்பட்டியலும் அவ்வாறே மதிப்பிட்டிருக்கிறது. எப்படி வகைப்படுத்தினாலும் அச்சரிவில் உருவான மரபுச் செல்வம் அதேதான். காக்கும் தேவை பெயரின் படிநிலையைப் பொறுத்துக் குறைவதில்லை.

கடைசியாக ஒன்று: பூங்காக்களில் வளர்ந்த செடியைப் புராசே காட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய் நட்டால் என்ன?

நடலாம், ஆனால் அது மறுகுடியேற்றமாக நிலைக்க மூன்று தடைகளைத் தாண்டியாக வேண்டும். தோட்டங்களில் இருப்பவற்றில் கலப்பற்றவை எவை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். அடுத்து, அயலூர்த் தோட்டத்தின் வைரஸ்களையும் சேர்த்து மலைக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. இதற்காகப் போத்தைவிட விதையை நம்புவது மேல். மூன்றாவதும் கடினமானதும், விதை பரப்பும் விலங்கு இல்லாத குறை. நட்ட செடி பூக்கும், பறவை வரும், காய் பிடிக்கும், அதற்குமேல் நகராது.

ஆகவே சரிவுகளில் வாழும் மக்களின் வேலிகளிலும் வீட்டோரங்களிலும் இன்று நிற்கும் செடிகளிலிருந்தே தொடங்குவது அறிவுடைமை என்று நினைக்கிறேன். எந்தச் செடி எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற நினைவு அவர்களிடம் இருக்கிறது. வெவ்வேறு வேலிகளின் செடிகளுக்கிடையே மகரந்தத்தைக் கையால் மாற்றி, முதிர்ந்த காயை உடைத்து, விதையை அதே உயரத்தில் விதைக்கும் வேலையை அவர்களோடு சேர்ந்துதான் செய்ய முடியும். எந்த விலங்கு அதைச் செய்துவந்ததோ, அதன் இடத்தில் இப்போதைக்கு மனிதக் கை மட்டுமே இருக்கிறது.